இரண்டும் இடது கை

ஜோதி,

என் நம்பரை நீ பிளாக் செய்து நான்கு மாதமாகிறது. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதற்கு முன் படித்துவிடு, சிரிப்பாய்.

நீ நம் தையல் கடையை விட்டுப் போனதும், இனி வேலை வேகமாக நடக்கும் என்று நினைத்தேன். பட்டு எடுத்த கையோடு வந்த மூன்று கல்யாணப் பெண்களுக்கு ஒரே தேதியில் ரவிக்கை தருவதாகச் சொல்லிவிட்டேன். அவர்களில் ஏனாத்தூர் சுகாசினி தன் ரவிக்கையைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"அக்கா, ரெண்டுமே இடது கையா தச்சிருக்கீங்கக்கா!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு அழுதேன். மிச்சத்துணி இருந்ததால் வலது கை வெட்டித் தைத்துப் பிழைத்தேன்.

முடியாது என்று சொல்ல எனக்கு வராது, ஜோதி. எதிரே ஒரு முகம் வாடினால் தாங்க மாட்டேன். நீயோ ஒரு கையை மூன்று முறை அளப்பாய். அதைச் சோம்பல் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். இத்தனை வருடம் என் வாக்கைக் காப்பாற்றியதே அந்த மூன்று அளவுதான்.

நேற்று முதல்முறையாக ஒரு அம்மாவிடம், "பத்து நாளாகும்மா" என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன்.

"ஆவட்டுமே, நல்லா தச்சிக் குடு" என்றார். அவ்வளவுதான்! போகும்போது, "அந்தப் பேசாத பொண்ணு எங்கம்மா, காணோமே?" என்று கேட்டார்.

"ஊருக்குப் போயிருக்குதும்மா. திங்கக்கெழம வந்துடும்" என்று சொல்லிவிட்டேன்.

பார்த்தாயா, மறுபடியும் உன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் காப்பாற்றிக் கொடு.

உன் அவசரக்காரி