இரண்டு கையால் தொட்ட சுவர்

இன்று காலை காரிமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் டீ சொன்னேன். கடைக்காரர் கண்ணாடி டம்ளரை நீட்டியதும் என் இரண்டு கைகளும் சேர்ந்தே போய் வாங்கின. "என்னங்க சார், டீயா தீர்த்தமா?" என்று சிரித்தார். இந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவள் நீ. மாசியில் நீ போய்ச் சேர்ந்த பிறகும் கை அதை விடவில்லை.

உன் மகள் நித்யாவின் போட்டி எதையும் நீ பார்த்ததில்லை. போட்டி நேரம் நெருங்கினால் போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாய். நான் ஊர் திரும்பி உன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வருவாய். "இப்பச் சொல்லுங்கண்ணா. மொதல்லருந்து, ஒண்ணு விடாம." நேற்றைய போட்டியையும் அப்படித்தான் சொல்லப் போகிறேன். பேப்பரில் என் செய்தி பிழையில்லாமல் வந்திருக்கிறது. ஆனால் உன் வீட்டில் நடந்தது அதில் இல்லை.

கம்பைநல்லூருக்கு வெளியே உங்கள் தோட்டத்துக் கல்கட்டுக் கிணற்றில்தான் அவள் நீந்தப் பழகினாள். சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் படிக்கல்லை வலது கையால் எட்டிப் பிடிப்பாள். அந்தக் கை கல்லில் படும்போதே உடம்பு திரும்பியிருக்கும், மற்றொரு கை அடுத்த வீச்சைத் தொடங்கியிருக்கும். கிணற்றில் நீந்தும் நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான் திரும்புவார்கள். அதில் தவறு எதுவும் இல்லை, கிணற்றில் இருக்கும் வரை.

தேசியப் போட்டியில் அது தவறானது. அவள் நீந்துவது தனிநபர் மெட்லி. ஒரே ஆள் பட்டாம்பூச்சி நீச்சல், மல்லாந்த நீச்சல், மார்பு நீச்சல், கடைசியில் கைவீச்சு நீச்சல் என நான்கையும் நீந்த வேண்டும். பட்டாம்பூச்சியும் மார்பு நீச்சலும் முடியும்போது சுவரை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். அவள் தங்கியிருந்த விளையாட்டு விடுதியின் பயிற்சியாளர் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தார். பயிற்சியில் அவள் ஒருநாளும் தப்பியதில்லை. போட்டியில் பக்கத்துத் தடத்துப் பெண் முந்துவதைப் பார்த்ததும் கிணற்றுக் கை முந்திக்கொண்டது. முதலாவதாக வந்தாள். ஆனால் முடிவுப் பலகையில் அவள் பெயருக்கு எதிரே தகுதி நீக்கம் என்று வந்தது.

நான் வந்து சொன்னபோது உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒத்தக் கையில தொட்டா செவுரு கோவிச்சுக்குமா?"

"விதிம்மா அது."

"எல்லாருக்குமா, எம்பொண்ணுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான்."

மாட்டுக்கு ஒரு பிடி வைக்கோலை எடுத்துப் போட்டாய். "எல்லாருக்கும்னா சரிங்கண்ணா" என்றாய்.

அவள் விடுமுறைக்கு வந்ததும் உன் சட்டம் அமலுக்கு வந்தது. இரண்டு கையையும் நீட்டாவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் கிடையாது. சோற்றுத் தட்டு, சீப்பு, செல்போன் சார்ஜர், எதுவானாலும் சரி.

"ஏன்டி, தீப்பெட்டிக்கு எதுக்குடி ரெண்டு கை?" என்று உன் வீட்டுக்காரர் கேட்டார்.

"நீட்டுனா வாங்குங்க. இல்லாட்டி பீடி பத்தாம கெடங்க."

நித்யா சிரித்தாள். "தலைக்கெல்லாம் நல்லாத் தெரியும்மா எனக்கு."

"தலைக்குத் தெரிஞ்சு என்னடி புண்ணியம்? கைக்குத் தெரியணும்."

கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு கெம்பம்மாவும் தப்பவில்லை. "இவ வூட்டுல ஒரு கொத்து கருவேப்பலைக்குக் கூட சீர்த்தட்டு வாங்கற மாதிரி நிக்கணும்" என்று ஊரெல்லாம் சொன்னாள். எனக்கும் டீ அப்படித்தான் வந்தது. பயிற்சியாளருக்கும் போன் போட்டாய்: "ஆஸ்டல்லயும் அவளுக்கு எதையும் ஒத்தக் கையில குடுக்காதீங்க சார்." முதலில் சிரித்தவர், பிறகு தண்ணீர்ப் பாட்டிலைக்கூட அப்படித்தான் கொடுத்தாராம்.

நேற்று மாலை ஆசிய நாடுகள் மோதும் போட்டியின் இறுதிச் சுற்று. அவள் போட்டியை டிவியில் காட்டியது இதுதான் முதல் தடவை. ஆபீசிலேயே பார்த்திருக்கலாம். உன் வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்று வண்டியை எடுத்தேன். உன் வீட்டுக்காரர் எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கெம்பம்மா வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

பட்டாம்பூச்சியில் நான்காவதாக வந்தாள். சுவரை இரண்டு கைகளும் சேர்ந்து தொட்டன. "ரெண்டு கை!" என்று கெம்பம்மா கத்தினாள். மல்லாந்து நீந்தியதில் ஒரு பெண்ணைத் தாண்டினாள். அதில் ஒரு கை போதும் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் யாரும் பதறவில்லை. மார்பு நீச்சலில் இன்னொருத்தியைத் தாண்டி இரண்டாமிடத்துக்கு வந்தாள். சுவர் நெருங்கும்போது பக்கத்துத் தடத்துப் பெண் மறுபடியும் அவளை முந்தினாள். தேசியப் போட்டியில் நடந்த அதே இடம்.

"சார், இங்கதான சார் போன தடவ..." உன் வீட்டுக்காரர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீருக்குள் இருந்த காமிரா அதைத் தெளிவாகக் காட்டியது. இரண்டு உள்ளங்கைகளும் நீ நீட்டும் தட்டை வாங்குவதுபோல அருகருகே சுவரில் பதிந்தன. அந்த வீட்டில் எழுந்த சத்தத்துக்குக் கொட்டகையில் மாடு கயிற்றை இழுத்தது.

பிறகு கைவீச்சு நீச்சல். பாதித் தூரத்தில் இரண்டாமிடத்தைத் திரும்பப் பிடித்தாள். முன்னால் சீனப் பெண் ஒருத்திதான். கடைசி வீச்சுகளில் இரண்டு தலைகளும் ஒரே கோட்டில் இருந்தன. நித்யாவின் வலது கை, அந்த ஒரு கை மட்டும், நீண்டு சுவரைத் தொட்டது.



"அடிப் பாவி மவளே, ஒத்தக் கையி!" என்று கெம்பம்மா வாயில் அடித்துக்கொண்டாள்.

"போச்சுங்க சார்" என்றார் உன் வீட்டுக்காரர். "கடசீல மறந்துட்டா."

கடைசிச் சுவரைப் பற்றி நான் சொல்லியிருக்கவில்லை. "இதுக்கு ஒரு கை போதுங்க. விதியே அப்படித்தான்" என்றேன்.

"நெசமாவா? மனசு சங்கடப்படும்னு சொல்லாதீங்க."

"நெசமாத்தான்."

அவர் நம்பவில்லை. முடிவுப் பலகை ஒளிர்ந்தது. முதல் வரியில் மூவர்ணம், பக்கத்தில் உன் மகள் பெயர். தங்கம். சீனப் பெண்ணைவிட ஒரு விரல் நீளம்கூட முன்னால் இருந்திருக்கமாட்டாள். நீ இரண்டு கையையும் சேர்த்துக் கட்டிப்போட்டாயே, அந்தக் கிணற்றுக் கைதான் தனக்கு அனுமதி உள்ள கடைசிச் சுவரில் எட்டிப் பிடித்துவிட்டது. கெம்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

மேடையில் பதக்கத்தைக் கழுத்தில் போட்ட பிறகு, சின்னப் பொம்மை ஒன்றை அதிகாரி ஒரு கையால் நீட்டினார். நித்யா இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினாள். உன் வீட்டுக்காரர் எழுந்து செருப்பைத் தேடினார். எங்கே என்று கேட்டேன்.

"கொட்டாய்க்குத்தான். முடிஞ்சிருச்சு, வெளிய வாடின்னு சொல்லிட்டு வரேங்க."

நானும் மொதல்லருந்து, ஒண்ணு விடாமல் சொல்லிவிட்டேன். இன்றைக்கு நடந்தது ஒன்றுதான் பாக்கி. நான் இரண்டாவது டீ சொன்ன நேரத்தில் கடை டிவியில் அந்த மேடையைத் திரும்பக் காட்டினார்கள். கடைக்காரர் பொம்மையை வாங்கும் கைகளைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார். டம்ளரை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.