நோரீனைப் பாடக் கூப்பிட்டது

அன்புள்ள டெலியா அக்காவுக்கு, பாஸ்டனிலிருந்து தம்பி ஃபெர்கல் எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? அத்தான் சுகமா? நான் கல்தூண் மாதிரி இருக்கிறேன். நான் இல்லாவிட்டால் இந்த ஊரில் பாதிக் கட்டடம் எழும்பியே இருக்காது.

எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு ஐரிஷ் பப் திறந்திருக்கிறார்கள். இங்கே வந்ததிலிருந்து நோரீன் வாடிக் கிடக்கிறாளே, நம் ஊர் முகங்களைப் பார்த்தால் தெளிவாள் என்று சனிக்கிழமை அழைத்துப் போனேன். என்னைப் பாடச் சொன்னார்கள். நான் பாடியதில் அலமாரிப் புட்டிகளெல்லாம் அதிர்ந்தன, சத்தியம்! பாடி முடித்தவன்தானே அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும்? பெருமையில் நோரீனைக் கைகாட்டிவிட்டேன்.

"உனக்கென்ன பைத்தியமா? என்னால முடியாது, ஃபெர்கல்" என்றாள்.

"கூப்பிட்டா மறுக்கக் கூடாதும்மா. நீ பாடலேன்னா உன் புருஷன் மறுபடியும் ஆரம்பிச்சிடுவான்!" என்றார் கடைக்காரர் மார்ட்டின். ஒரே சிரிப்பு.

அவள் அம்மா பாடும் கடற்கரைப் பாட்டை எடுத்தாள். இரண்டாவது அடியில் குரல் நின்றுவிட்டது. ஒன்றுமில்லை, குளிரில் தொண்டை கட்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேலிருந்த பயணப் பெட்டியை இறக்கினாள். தூசி தட்டத்தான் என்றாள். இன்னும் அதை மேலே ஏற்றவில்லை.

நீ கவலைப்படாதே. நம் ஊர்த் தேயிலை ஒரு பொட்டலம் அனுப்பு. அவளுக்குத் தனியாக நாலு வரி எழுது. ஆட்டுக்குட்டி பிறந்தது, கடல் அமைதியாக இருக்கிறது என்றெல்லாம் எழுதாதே. விடாத மழை என்று எழுது. வெயில் அடித்தாலும் மழை என்றே எழுது, அக்கா.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் தம்பி,
ஃபெர்கல்