வில்லன் வந்த வழி

ஜூலை 8, செவ்வாய்

கரும்புக் கொல்லையில் மோட்டார் ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழும் பச்சமுத்துதான் திருடன் என்று என் வீட்டுக்காரர் முடிவே கட்டிவிட்டார். "நீ இன்னா சொல்ற?" என்றார் என்னிடம். இருக்கும் என்றேன்.

ஏன் சொன்னேன்? நேற்று சாயங்காலம் மாட்டுக்கொட்டாயில் பிரவீன்குமார் ஒயரைச் சாக்கில் திணித்ததை இந்தக் கண்ணால்தானே பார்த்தேன். இவர் அண்ணன் மகன் - குடும்ப மானம் - வாய் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

வெள்ளிதோறும் வகுப்பில் ஓர் ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் சொல்கிறேன். இந்த வாரம் 'வில்லன்' வேண்டுமென்று பிள்ளைகள் அடம். சினிமாப் பைத்தியங்கள்.

தேடினேன். ஆங்கிலத்துக்கு பிரெஞ்சிலிருந்து வந்ததாம், பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை. 'வில்லானுஸ்', அங்கே பாடுபடுகிறவன். அவ்வளவுதான். இன்னும் அடியில் உள்ள வேருக்குக் குடி, குலம் என்று பொருளாம்.

உழுதவன் எப்படிக் கெட்டவன் ஆனான்? அப்படிச் சொல்லிச் சொல்லியே ஆக்கியது மேலே இருந்தவர்கள். நிலத்துக்காரர்கள்.

ஜூலை 11, வெள்ளி

சொன்னேன். பச்சமுத்துவின் மகள் அபிநயா எழுந்தாள். "அவங்க இன்னா தப்பு பண்ணாங்க மிஸ்?"

ஒன்றும் பண்ணவில்லை என்றேன்.

"அப்ப யாருமே அத சொல்லலியா மிஸ்?"

பெல் அடித்துவிட்டது. தப்பித்தேன் என்று இருந்தது. நானெல்லாம் ஒரு டீச்சர்!

ஜூலை 12, சனி

இவரிடம் சொல்லிவிட்டேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தெரியும். அவனே ஒத்துக்கினான். வுடு. பச்சமுத்துகிட்ட இருந்து நெலத்த திருப்பி வாங்க இத வுட்டா வேற வழி கெடைக்காது."

அடப்பாவி மனுஷா. இவ்வளவு நாள் இவரோடுதானா குடித்தனம் பண்ணினேன்? அது சரி, நான் மட்டும் என்ன யோக்கியம்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் ஒயர் திருட்டை விசாரிக்கக் கோயிலடியில் ஊர் கூடியது. இவர் பேசி முடித்ததும் எழுந்தேன். பிரவீன்குமாரைப் பார்த்ததைச் சொன்னேன். பார்த்தும் பச்சமுத்து மேல் பழி போட ஒத்து ஊதியதையும் சொன்னேன். நிலம் பச்சமுத்துவிடமே இருக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இவர் என் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பச்சமுத்து கிட்டே வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், என்ன திமிர் எனக்கு.

"மொத நாளே தெரியுமாங்க?"

ஆமாம் என்றேன்.

"இத எம் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க டீச்சர். என்னால முடியாதுங்க."

நாளை திங்கள். முதல் பீரியட் அவள் வகுப்புதான்.