படத்துக்கு வெளியே விட்ட ஓலை

கை ராங் படகுச் சந்தை,
கான் தோ.

அன்புள்ள லுவா அக்காவுக்கு,

மியென் எழுதுகிறேன். தைவானில் குளிர் தொடங்கியிருக்கும், கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். இங்கே ஆற்றில் வெள்ளம் வடிந்துவிட்டது. நூடுல்ஸ் வியாபாரம் சுமார்தான்.

போனில் அனுப்பாமல் தாளில் எழுதக் காரணம் உண்டு. போன், நான் சித்தி என்று கூப்பிடும் உங்கள் அம்மாவுடையது. வருவதையும் போவதையும் சித்தி என்னை உரக்கப் படிக்கச் சொல்வார். இது அவருக்குத் தெரியாமல் எழுதுவது. நாளை மறுநாள் தைவான் திரும்பும் பிக் அக்காவின் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஞாயிறுதோறும் அம்மாவின் படம் ஒன்று வேண்டும், வேலை செய்கிறபடியே இருக்கட்டும் என்று கேட்டீர்கள். ஏழாம் வகுப்போடு நின்றவளை நம்பி ஒருவர் கேட்ட முதல் காரியம் அது. நான் யாரிடமும் "இங்கே பாருங்க" என்று சொல்வதில்லை. சொன்னால் முகம் மாறிவிடும். சொல்ல எனக்கு வாயும் வராது. கிண்ணம் கழுவியபடி காத்திருப்பேன். நான் இருப்பதையே மறந்த பிறகு எடுப்பேன். பக்கத்துப் படகு அன்னாசிக்காரர் கிண்டல் செய்வார். "ஏ மியென், என் அன்னாசியையும் ஒரு போட்டோ புடி. அதுக்காவது கல்யாணம் ஆகட்டும்!" என்பார்.

ஆகஸ்டு வரை அனுப்பிய படங்கள் எல்லாம் உண்மை.

ஆகஸ்டில் ஒரு காலை, சூப் ஊற்றும்போது சித்தியின் இடது கையிலிருந்து கிண்ணம் நழுவியது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தோம். பேச்சு பழையபடி இருக்கிறது. இடது கையும் காலும் திரும்பவில்லை. இப்போது துடுப்பை நான்தான் போடுகிறேன். அவர் உட்கார்ந்தபடி கீரை தூவுகிறார்.

"லுவாவுக்குத் தெரிஞ்சா போட்டது போட்டபடி ஓடி வந்துடுவா. இந்த வலது கையை மட்டும் எடுடீ. உனக்குத்தான் மூஞ்சிய எடுக்கவே கூச்சமாச்சே, யாரு சந்தேகப்படப் போறா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், அக்கா. அப்படித்தான் தொடங்கியது. நீங்கள் வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் சிக்னல் இல்லை என்று துண்டித்ததும் நான்தான்.

போன மாதம் சித்தி நம் படகு முனையில் நிற்கும் கம்பில் தென்னை ஓலை கட்டச் சொன்னார். அன்னாசி கட்டிய படகில் அன்னாசி விற்பனைக்கு. ஓலை கட்டினால் படகே விற்பனைக்கு. இங்கே பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஓலையின் நுனி தெரிந்தாலும் போதும், நீங்கள் புரிந்துகொள்வீர்கள். அதனால் இன்னும் கிட்டப் போனேன். விரல், கரண்டி, ஆவி, அவ்வளவுதான். "என்ன மியென், இப்பல்லாம் அம்மாவே காணோமே?" என்று கேட்டீர்கள். இது என் புதுப் பாணி என்று எழுதினேன். "கைதேர்ந்துட்டடி நீ" என்று பாராட்டினீர்கள்.

இந்த ஞாயிறு உங்கள் செய்தியைப் படித்தேன். படங்களைப் பார்த்தால் அம்மா தெம்பாக இருக்கிறார், அதனால் மாதக் கடைசியில் இன்னும் மூன்று வருட வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். சித்தி கேட்டுவிட்டு, "நல்லது, நல்லது" என்றார். பிறகு நெடுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைப் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அந்த ஒரு படம் போதும்.

நான் காட்டிய விரல்களை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அக்கா. பக்கவாதம் இரண்டாவது தடவையும் வரலாம் என்கிறார் டாக்டர். வந்தால் பேச்சும் போகலாம். நீங்கள் இப்போதே வந்தால் அவரோடு பேசலாம்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். சித்தியைத் திட்டாதீர்கள்.

நீங்களாகவே வந்ததாகச் சித்தியிடம் சொல்லுங்கள் என்று மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், தெரிகிறதா? அந்தப் பொய்யும் வேண்டாம். மியென் எழுதினாள், அதனால் வந்தேன் என்றே சொல்லுங்கள்.

உங்கள் அம்மாவின் படகில் கிண்ணம் கழுவும்,
மியென்