அந்தப் பழைய பூட்டு இருக்கட்டும்

என் அன்பு வீட்டுக்காரருக்கு,

நலம் என்றுதான் தொடங்க வேண்டும். பாதி நலம். வலது கை இன்னும் அந்தப் பாதியில் வந்து சேரவில்லை.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இது ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்திருக்கும் வீட்டுப்பாடம். வலது கையால்தான் எழுத வேண்டுமாம். பேனாவைச் சுற்றி ரப்பரை வைத்துத் தடிமனாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். கத்தரிக்காயைப் பிடித்து எழுதுவது போல் இருக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதென்று சிரிக்காதீர்கள். மகளிடம் காட்டவும் வேண்டாம். பிறகு அவள் கையெழுத்தைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது.

இங்கே என்னைக் கவனிப்பது இரண்டு பேர். ஒருவர் பிசியோதெரபி அம்மா. ஆள் ஒல்லி, பிடித்தால் உடும்புப் பிடி. உருக்கிய மெழுகில் என் கையை முக்கி, சூடு ஏறியதும் மணிக்கட்டை மடக்கி நீட்டுவார். முதல் நாள் நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பஸ் டிப்போ படியில் வழுக்கி விழுந்தபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை.

எலும்பு கூடிவிட்டது, கட்டும் பிரித்தாயிற்று, இன்னும் ஏன் வலி என்று நாம் இருவரும் குழம்பினோமே, அதை அவரிடம் கேட்டேன். வலிக்கிறது என்று கையைக் கழுத்தில் தொங்கவிட்டுப் பொத்திப் பொத்தி வைத்ததில் மூட்டு இறுகிவிட்டதாம். இறுகியதால் அசைத்தால் வலி, வலிப்பதால் அசைப்பதில்லை. எங்கேயாவது இந்தச் சுற்றை உடைத்தாக வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக உடைப்போம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாளும் கத்தினேன்.

இன்னொருவர் சின்னப் பெண். அவர் பார்ப்பது ஆக்குபேஷனல் தெரபி. பட்டன் போடுவது, டம்ளரைப் பிடிப்பது, தலை பின்னுவது என்று நாம் யோசிக்காமலே செய்கிற வேலைகளை எல்லாம் கைக்குத் திரும்பப் பழக்குகிறவர். வந்த அன்றே, இந்தக் கையால் எதைச் செய்ய ஆசை என்று கேட்டார். பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்ட வேண்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு. எங்கள் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு அந்தப் பூட்டின் கதையை முழுதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. கதவைத் தன் பக்கம் இழுத்து, லேசாகத் தூக்கி, சாவியை ஒரு நூலளவு வெளியே இழுத்துத் திருப்பினால்தான் திறக்கும். ஊரில் உள்ள வாஷிங் மெஷினுக்கெல்லாம் உயிர் கொடுக்கிற என் வீட்டுக்காரருக்கு அது மட்டும் படியாது, நான் பஸ்ஸை விட்டுவிட்டு வரும்வரை வாசலிலேயே டூல் பையோடு நிற்பார் என்றேன். உங்கள் மானத்தைக் கப்பலேற்றிவிட்டேன், மன்னிக்கவும்.

கை நோகிறது. மகளுக்குச் சளி குறைந்ததா?

உங்கள்
டிரைவரம்மா

* * *

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

எழுத்து கொஞ்சம் நிமிர்ந்திருப்பதைக் கவனித்தீர்களா? பேனாவின் ரப்பரில் ஒரு சுற்றைக் கழற்றிவிட்டார்கள்.

மகளின் போட்டோ வந்தது. அந்தப் பின்னலைப் பார்த்து இங்கே எல்லோரும் சிரித்தார்கள். ரிப்பனுக்குப் பதிலாக வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையை மாட்டி விட்டிருக்கிறீர்களே, அதைக் கழற்றக் கட்டர் வேண்டுமே! சிரித்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். அவள் தலைமுடி என் விரலுக்கு அப்படித் தெரியும்.

இங்கே எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்திருக்கிறார். தோள் இறுகிப்போன மேஸ்திரி. வீடு வீடாகச் சுவர் எழுப்பியவர். இப்போது என்னோடு உட்கார்ந்து கயிற்றில் துணி கிளிப் மாட்டுகிறார். ‘கல்லு தூக்கின கைம்மா இது, இந்தக் கிளிப்பு என்னை அழ வைக்குது’ என்று புலம்புவார். அவர் புலம்பினால் நான் மாட்டுவேன், நான் புலம்பினால் அவர் மாட்டுவார். நேற்று தன் சட்டையைத் தானே தலைவழியாகக் கழற்றிவிட்டு, கழற்றியதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார். மறுபடி போட்டுக்கொள்ள மட்டும் ஆள் கூப்பிட்டார்.

எனக்குக் கஷ்டமானது உள்ளங்கையை மேலே திருப்புவதுதான். சாவி திருப்புகிற அதே அசைவு. சின்னப் பெண் ஒரு பலகையில் பூட்டுகளை வரிசையாகப் பொருத்தி வைத்திருக்கிறார். என் கதையைக் கேட்டபின், நம்முடையதைப் போலவே முரண்டு பிடிக்கிற ஒன்றை எங்கிருந்தோ தேடிக்கொண்டு வந்து கடைசியில் மாட்டியிருக்கிறார். நான் இன்னும் முதல் பூட்டைத் தாண்டவில்லை. கடைசியைப் பார்த்துக்கொண்டே முதலாவதைத் திருப்புகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் நீங்கள் என்னைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கமாக வந்து நின்றீர்கள். வலது கையில் காற்று பட்டாலே நான் துடித்த சமயம் அது. பட்டுவிடுமோ என்று பயந்தீர்கள். தெரியும். ஆனாலும் வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இங்கே அந்தக் கைக்குத் தொடுவதைப் பழக்குகிறார்கள். முதலில் பஞ்சால் தடவினார்கள். பஞ்சுக்கே பல்லைக் கடித்தேன். பிறகு மெல்லிய துணி, அப்புறம் சொரசொரப்பான துண்டு, இப்போது மணலுக்குள் கையை விட்டுத் துழாவச் சொல்கிறார்கள். துழாவுகிறேன். நேற்று வலி மாத்திரை இல்லாமல் தூங்கினேன். கண் விழித்தபோது வலது கை தானாக நீங்கள் படுக்கிற பக்கம் போயிருந்தது. அங்கே சுவர்தான் இருந்தது.

உங்களை ரொம்பத் தேடுகிறது. இதைப் போனில் சொல்ல வரவில்லை, எழுதிவிட்டேன்.

உங்கள்
டிரைவரம்மா

* * *

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று போனில் நான் பேசாமல் இருந்தபோது லைன் போய்விட்டதென்று ஹலோ ஹலோ என்றீர்கள். லைன் போகவில்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

நீங்கள் எவ்வளவு ஆசையாகச் சொன்னீர்கள்! ‘பூட்டை மாத்திட்டேன், இனி சாவியே வேணாம், பட்டனை அமுக்கினா திறந்துக்கும். குழாய்க்கெல்லாம் நீளக் கைப்பிடி போட்டாச்சு. துணிக்கு ஆள் சொல்லிட்டேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம், வந்து உட்காரு போதும்’ என்றீர்கள். இத்தனை வருஷம் தொடாத பூட்டை எனக்காகத் தொட்டிருக்கிறீர்கள். உங்கள் அன்பு அப்படி. எதைப் பார்த்தாலும் கழற்றிச் சரிசெய்துவிட வேண்டும். இதைக் குறை என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும்.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. வந்து உட்கார்ந்தால் உட்கார்ந்துவிடுவேன். வீடு எல்லா வேலையையும் செய்துவிட்டால் இந்தக் கை மறுபடி கழுத்தில் போய்த் தொங்கிவிடும். வலியில் மனசு அப்படித்தான் சாக்குத் தேடுகிறது. எனக்குத் தெரியும்.

சின்னப் பெண்ணிடம் சொல்லி அழுதேன். அவர் உங்களைத் திட்டவில்லை. நீளக் கைப்பிடி இருக்கட்டும், கனமான துணிக்கு ஆள் வைப்பதும் நல்லதுதான், கையால் முடிகிறதை மட்டும் கையிடமிருந்து வாங்கிவிடக் கூடாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறார்கள். முழுக்கச் சரியாகிவிட்டதென்று இல்லை. வீட்டிலும் பல மாதம் பயிற்சி செய்ய வேண்டும், மழை நாளில் வலி எட்டிப் பார்க்கும். பஸ் ஸ்டியரிங் இப்போதைக்கு இல்லை, பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். பலகையின் கடைசிப் பூட்டு சில நேரம் திறக்கிறது, சில நேரம் என்னை ஏய்க்கிறது. இன்று காலை திறந்தது. மேஸ்திரி கை தட்டினார், தலைக்கு மேலே தூக்கி. அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது, கை அவ்வளவு உயரம் போனது.

அதனால் கேட்கிறேன். பழைய பூட்டைத் திரும்ப மாட்டுங்கள். உங்கள் கடையில் பழைய இரும்போடு போட்டிருந்தால் தேடி எடுங்கள். எண்ணெய்கூட விடாதீர்கள். உங்கள் கை சும்மா இருக்காது, அதனால் சொல்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். ஆட்டோவில் வந்துவிடுவேன். கதவைப் பூட்டிக்கொண்டு நீங்களும் மகளும் உள்ளே இருங்கள். சாவி தடுமாறுகிற சத்தம் கேட்கும். கீழே விழுகிற சத்தமும் கேட்கலாம். நேரமாகும். நான் முனகுவது கேட்டாலும் எழுந்து வந்து திறக்காதீர்கள். இத்தனை வருஷம் எனக்காக வாசலில் நின்றீர்களே, இந்த ஒரு முறை உள்ளே நில்லுங்கள்.

கதவு திறந்ததும் இடப்பக்கம் சுற்றி வராதீர்கள். நான் நீட்டுகிற கையைப் பிடியுங்கள்.

உங்கள்
டிரைவரம்மா