உன் வண்டி ஏன் உதைக்கிறது என்று தெரிந்துவிட்டது

என் குண்டுப்பையா,

ஊருக்கு நீ அருள்ராஜ். பிறந்தபோது பூசணிக்காய் மாதிரி இருந்தாய் என்று நான் வைத்த பெயர் குண்டு. ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்த பிறகும் வடக்குப்பட்டுத் தெருவில் நின்று "டேய் குண்டு" என்று கத்துவேன். நீ வெட்கப்பட்டு ஓடி வருவாய். கொஞ்ச வருடமாகத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டாய். வளர்ந்துவிட்டான், அக்கா கூப்பிடுவது கசக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் படப்பையில் ஒன்று கேட்டுவிட்டு வந்தேன். அதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் ஊரும் படிக்கட்டும் என்று கோயில் மாத இதழில் போடச் சொல்லியிருக்கிறேன். உன்னைப் பற்றி ஊர் பேசியதையெல்லாம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு நின்றவள்தானே நான்?

என்ன பேசினார்கள் தெரியுமா? ஒரகடம் ரோட்டில் டீ குடித்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தாயாம். ஓரத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்ததாம். அதைச் சுற்றி ரோட்டுக்குள் கால் வைத்தாயாம். பின்னால் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு ட்ரெய்லர் வந்ததாம். டீக்கடைக்காரர் வீட்டுக்கு வந்து சொன்னார். "அவ்ளோ ஹாரன் அடிச்சான்மா. நாங்க அத்தனை பேரும் கத்துனோம். தம்பி திரும்பவே இல்ல. நேரா நடந்துகினே இருந்துச்சு."

நேரா நடந்தது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். உனக்குப் பார்த்த பெண் வீட்டார் வேண்டாம் என்று சொன்னதும் அந்தச் சமயத்தில்தானே. "பொண்ணு நின்னு பேசுது, மாப்ள பாட்டுக்குத் திரும்பிகினு போறாரு. இவ்ளோ திமிரு ஆவாது" என்று பெண்ணின் அம்மா தரகரிடம் சொல்லி அனுப்பியது ஊருக்கே தெரியும். அதனால் மனசு உடைந்து நீயாகப் போய் விழுந்தாய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உன் அடக்கப் பூசையிலேயே எனக்குப் பின்னால் குசுகுசு என்று பேச்சு.

அம்மாவும் நம்பிவிட்டாள், குண்டு. உன் படத்தின் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. நான் ஏற்றினால் ஊதி அணைத்தாள். "எங்கள வுட்டுட்டுப் போவணும்னு போனவனுக்கு இன்னாத்துக்குடி வெளிச்சம்?" என்றாள். எனக்கே தெரியவில்லையே, நீயாகப் போனாயா, தானாக உயிர் போய்விட்டதா என்று.

உன் வண்டி வாசலிலேயே நின்றது. உன்னோடு ட்ராவல்ஸில் ஓட்டும் செல்வம் வந்தான். "சும்மா நிக்க வுட்டா கெட்டுப்பூடும்கா, நான் எடுத்து ஓட்டறேன்" என்றான். என்னை முன்சீட்டில் உட்காரவைத்து தெருமுனை வரை போவதற்குள் நிறுத்திவிட்டான்.

"இன்னாக்கா இது, வண்டியா கழுதையா? முதுகுல உதைக்குது!"

"அவன் வாங்கனப்போ இப்பிடி இல்லடா. அப்பாலதான் ஆச்சு."

"ஆட்டோமேட்டிக்ல கியர் மாறுறதே தெரியக் கூடாதுக்கா. கியர்பாக்ஸ் அவுட்டு. பாய்கிட்ட காட்டிடலாம்."

அந்த உதை எனக்குப் பழக்கம்தான். கம்பெனி ஷிப்டுக்கு உன் வண்டியில் போகும் பெண்கள், "அண்ணே, ரெண்டு நிமிசம் தூங்க வுடுதா பாரு உன் வண்டி" என்று கலாட்டா செய்வார்கள். நீ கண்ணாடியில் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாய். ரிப்பேர் செய்யச் சோம்பல்படுகிறாய் என்றுதான் நானும் நினைத்தேன்.

படப்பையில் பாஷா பாய் பட்டறைக்குப் போனோம். பாய் வண்டியை ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். இறங்கும்போதே சிரித்தார்.

"ரிப்பேர்னு யாருமா சொன்னது? நான்தான் இப்பிடிப் பண்ணிக் குடுத்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் இருந்த துணியை முறுக்கிக்கொண்டே சொன்னார். இந்தக் கியர்பாக்ஸுக்குள் கியரை மாற்றுவது எண்ணெயாம். எண்ணெய் மெதுவாகத் தள்ளினால் கியர் வழுக்கிக்கொண்டு நைசாக மாறுமாம். ஸ்பிரிங்கை மாற்றி, எண்ணெய் போகும் ஓட்டையைப் பெரிதாக்கினால் பட்டென்று பிடித்துக்கொள்ளுமாம். அந்தப் பட்டுதான் உதை. வழுக்காததால் தேய்மானமும் குறைவாம். லோடு அடிக்கிறவர்கள் சில பேர் கேட்டுச் செய்துகொள்வார்களாம்.

"இதுல இன்னா பாய் லோடு?" என்றான் செல்வம். "ஏறுறது அல்லாம் ஒல்லிப் புள்ளைங்க."

"நானும் அதான் கேட்டேன். அல்லாரும் உதைக்காம பண்ணிக் குடுன்னு வருவான், நீ இன்னாடா உல்ட்டாவா வரேன்னேன். பண்ணிக் குடுத்தா, ஓட்டிப் பாத்துட்டு, இன்னும் கொஞ்சம் பாய், இன்னும் கொஞ்சம்னு நிக்கிறான். அப்பாலதான் சொன்னான். எனக்கு இன்ஜின் சத்தமே கேக்கல பாய், கியர் வுழுந்துச்சா இல்லியான்னு முதுகுலயாவது தெரியட்டும்னு."

நான் பாயையே பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"காது போச்சுன்னா ஓட்டாதடான்னு திட்டுனேம்மா. காது போனா இன்னா பாய், கண்ணு கீது, முதுகு கீதுன்னு சிரிச்சான். ஏம்மா, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது, குண்டு. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவளுக்குத் தெரியாது. அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஊர் பேசுவதை பாயிடம் சொன்னேன். ட்ரெய்லர்காரன் ஹாரன் மேல் ஹாரன் அடித்தும் நீ திரும்பவில்லை என்பதைச் சொன்னேன். பாய் கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டார்.

"ஹாரன் அடிச்சா அவனுக்கு எப்பிடிமா கேக்கும்?"

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி. நீ போகவில்லை. உனக்குக் கேட்கவில்லை.

வண்டி வாங்குவதற்கு முன்னால் எத்தனை வருடம் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் நின்றாய்! அங்கே இருந்து வரும் நாளெல்லாம் தலைக்குள் இடிக்கிறது என்பாய். காதில் வைக்க ரப்பர் கொடுக்கிறார்களே, வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டதற்கு, "அத்த வெச்சா லைன் லீடர் கூப்புடறது கேக்காதுக்கா. திரும்பலன்னா நாளிக்கு வராதன்னுடுவான்" என்றாய். லைனில் நிற்கிற யாருமே வைத்துக்கொள்வதில்லை என்றாய். கூப்பிடுவது கேட்கவேண்டும் என்றுதானே காதைத் திறந்து வைத்தாய்? அந்தக் காதுதானே போய்விட்டது?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டி உதைத்தது. ஒவ்வொரு உதைக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. அந்தப் பெண் உன் பின்னால் நின்று பேசியிருப்பாள், உனக்கு எப்படித் தெரியும்? "சோறு போடவா, தோசை ஊத்தவா?" என்றால் "சரிக்கா" என்பாய். எதைச் சரி என்கிறாய் என்று கரண்டியோடு நிற்பேன். "இன்னாடா என் மூஞ்சியையே பாக்கற?" என்றால், "அழகா கீற, அதான்" என்பாய். என் வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடித்திருக்கிறாய், திருட்டுப்பயலே.

போன் அடித்தால் எடுக்கமாட்டாய். "மெசேஜ் போடுக்கா" என்பாய். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு மெசேஜ் எங்கே வரும் என்று சண்டை போட்டேன். நீ விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தும் எங்கே இருக்கிறது என்று போனில் தொட்டுக் காட்டினாய். இன்றைக்கு இந்தக் கடிதத்தையே அப்படித்தான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். உன் காது போனதால் எனக்கு எழுத்து வந்தது. இதற்கு நான் அழுவதா, சொல்லு?

அம்மாவிடம் சொன்னேன். முதலில் கேட்காதவள் மாதிரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இரண்டாவது முறை சொன்னேன். கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். "ஓட்டுடா" என்றாள் செல்வத்திடம்.

நான் பின்னால் ஏறினேன். முதல் கியர் மாறி வண்டி உதைத்ததும் அம்மா திரும்பினாள்.

"இதானா?"

"இதாம்மா."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி உதைத்தது. "இதானாடி?" என்றாள். ஒவ்வொரு உதைக்கும் கேட்டாள். கம்பெனிச் சுவர்களைத் தாண்டி நம் ஏரிக்கரை வரை போய்த் திரும்பினோம். இறங்கியதும் நேராக உன் படத்திடம் போனாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள். "என் புள்ள போவல. அவனுக்குக் கேக்கல, அவ்ளோதான்" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்திச் சொன்னாள். உனக்கும் கேட்கட்டும் என்றுதான் அப்படிக் கத்தினாளோ என்னவோ.

உதையை எடுத்துவிடலாம், பழைய ஸ்பிரிங்கைப் போட்டால் நைசாகிவிடும் என்று பாய் சொல்லியிருந்தார். செல்வமும் ஆசையாகத்தான் பார்த்தான். நான் வேண்டாம் என்றுவிட்டேன். "அப்ப இந்தக் கழுதைய நீயே மேய்ச்சுக்கோக்கா" என்றான். மேய்க்கிறேன். கம்பெனி மைதானத்துக்குப் பக்கத்துக் காலி மனையில் அவனே எனக்கு ஓட்டச் சொல்லித்தருகிறான். இன்னும் பிரேக்கை மிதிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறேன். ஆனால் கியர் விழுந்தால் எனக்கு முதுகில் தெரிகிறது.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், குண்டு. நான் இருக்கும் வரை அந்த உதையை யாரும் எடுக்க விடமாட்டேன். உன் வண்டியில் உன் பெண்களை நானே ஷிப்டுக்குக் கொண்டுபோய் விடுவேன். நீயாகப் போனாய் என்று இனி எவராவது சொன்னால், முன்சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக்காட்டுவேன்.

ஒன்றுதான் உன்னிடம் கேட்க மிச்சம் இருக்கிறது. அன்று காலையில் நீ வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தாய். நான் வாசலில் நின்று, "குண்டு, சாயங்காலம் சீக்கிரம் வந்துட்ரா, மீன் வாங்கி வெக்கறேன்" என்று உன் முதுகைப் பார்த்துக் கத்தினேன். நீ திரும்பவில்லை. ஆனால் கையைத் தூக்கி ஆட்டினாய்.

நான் கூப்பிட்டது கேட்டுத்தானா கையைத் தூக்கினாய்?

உன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அக்கா