நீ எழுதாத பேச்சு

புதுப் புத்தகத்தின் பசை வாசம் எனக்குப் பிடிக்கும். உன் கதைத் தொகுப்பையும் முகர்ந்துவிட்டுத்தான் பிரித்தேன். நீ இறந்து ஒரு வருஷ நினைவுக்கென்று ஹட்டனில் ஒரு குழு போட்டு அச்சடித்திருக்கிறார்கள். மூன்றாவது கதையில் தாய் பேசுகிறாள்: "மகளே, இம்மண்ணே நம் அன்னை. இதைவிட்டு எங்கே செல்வாய்?" மகள் தலைகுனிந்து, "உண்மைதான் அம்மா" என்கிறாள். அதோடு கதை முடிகிறது.

நீ இப்படியா எழுதினாய்? லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, குளிரில் மடங்காத விரல்களால் எழுதிய கதை அது. உன் மகள் கொழும்புக்குத் தையல் வேலைக்குப் போகிறேன் என்று பிடிவாதமாக நின்ற வாரம். எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி, கதை எழுதிய கொப்பியை என்னிடம் நீட்டினாய்.

அதில் தாய் சொல்வாள்: "தோட்டத்துல ஒருத்தி பேராவது வேலைக்கு இருந்தாத்தான் நாம குடியிருக்கிற இந்த லயத்துக் காம்பரா நம்மளுக்கு." மகள் விடமாட்டாள்: "ஒரு காம்பராவுக்காக என் முதுகும் வளையணுமாம்மா?"

நீ யார் பக்கம் என்று கேட்டேன்.

"மக சொல்றதுலயும் ஞாயம் இருக்கு புள்ள. நான் நடுவுல பூந்து தீர்ப்பு சொன்னா ஒருத்தி வாய மூடிருவா. அப்புறம் என்னத்துக்குக் கதை?"

வீட்டில் நீ அவளைப் பேசவே விட்டதில்லை. அவள் போன பிறகும் சாகும்வரை சரியாக முகம்கொடுத்துப் பேசவில்லை. கதையில் மட்டும் அவளுக்குச் சரிசமமாக இடம் விட்டிருந்தாய்.

புத்தகத்தைத் தொகுத்தவருக்குப் போன் எடுத்தேன். பிள்ளைகள் கையில் போகிற புத்தகம், நல்ல கருத்து ஒன்று இருக்க வேண்டும் என்றார். "நம்ம பொண்ணு தாயை எதுத்துப் பேசுனா நமக்குத்தானேங்க அசிங்கம்?" பிறகு பணிவாகவே சொன்னார்: "அச்சுக்கு முன்னாடி உங்களுக்கு அனுப்புனோமே டீச்சர். பாத்தாச்சுன்னீங்க."

சொன்னேன். பரீட்சைத் தாள் திருத்துகிற அவசரத்தில், ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் சொன்னேன். அவர்மேல் வந்த அருவருப்பு அப்படியே என்மேல் திரும்பியது.

அடுத்த நாள் உன் மகள் புத்தகத்தைப் படித்துவிட்டு கொழும்பிலிருந்து பேசினாள். கதையில் அவள் பேச்சும் இருக்கிறது என்று முன்பே நான் அவளிடம் சொல்லியிருந்தேன். "அம்மா கடைசியில என் பேச்சையெல்லாம் அடிச்சிட்டுத்தான் போனாங்களா டீச்சர்?"

இல்லை, கொப்பி என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கொப்பியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் தங்கியிருந்த அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாசித்தாள். தன் பேச்சைச் சத்தமாக, கோபமாக வாசித்தாள். தாயின் கடைசிப் பேச்சுக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது: "போயிரு. நான் போகச் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத."

"இத எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே" என்றாள். கொப்பியை அவளிடமே விட்டுவந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிரதிகளில், போகும் முன்பே கொப்பியிலிருந்து நகலெடுத்து வைத்திருந்த உன் பக்கங்களை ஒட்டியிருக்கிறேன். மற்றப் பள்ளிகளுக்குப் போனவற்றை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை; திரும்ப அச்சடிக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

இப்போது யார் எதை நீட்டி, சும்மா ஒரு தடவை பாருங்க டீச்சர் என்றாலும், உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறேன். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் செய்கிறேன். உனக்குத்தான் செய்யவில்லை.